கரையாத மஞ்சள்

விடுமுறை முடியப்போகிறது, மிட்டாய்தான் முடிந்தபாடில்லை. வந்த விருந்தாளியெல்லாம் ஆளுக்கொரு பை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பல் என்று ஒன்று இருப்பது விருந்தாளிக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது! தின்னவிட்டால் வயிறு கெடும், தூக்கிப்போட மனசு வராது. பிள்ளைகளின் அம்மா, வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். துண்டுத் துணியைக்கூட வீணாக்கத் தெரியாத கை. தின்னாமலே தீர்த்துவிடலாம் என்று வழி கண்டுபிடித்தாள்.

தாயும் பிள்ளைகளுமாக அட்டையில் வீடு வெட்டி, பட்டன் மிட்டாய்களைப் பசை தடவிக் கூரையில் ஓடாக ஒட்டினார்கள். அடுத்து, வெள்ளைத் தட்டின் ஓரத்தில் மீதி மிட்டாயை வட்டமாக அடுக்கி நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாள். சிவப்பும் பச்சையும் கிளம்பி நடுவை நோக்கி ஓட, சின்னவன் குதித்தான். தொட்டதையெல்லாம் குத்திப் பார்ப்பதால் அவனுக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர்.

"அம்மா, சில மஞ்சள் மட்டும் ஓடல," என்றாள் மூத்தவள்.

தாய் அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நடுவே ஒரு கோடு. மிட்டாயில் ஏது கோடு? இது மாத்திரை.

"இது எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"அப்பா பையில இருந்த மிட்டாய் டப்பாலேர்ந்து. வீட்ல இருக்கற எல்லாத்தையும் சேருன்னு நேத்து நீதானே சொன்ன?"

குண்டூசியைத் திரும்பிப் பார்த்தாள். உதடு, நாக்கு, கன்னம் எல்லாம் மஞ்சள்.

"எத்தனைடா தின்ன?" கத்தினாள். அவன் ஐந்து விரலையும் விரித்தான். எதைக் கேட்டாலும் அவன் ஐந்து விரலைத்தான் காட்டுவான். அது தெரிந்தும் அவள் போனைத் தேடி ஓடினாள்.

கணவன் பஸ் ஓட்டுகிறவன். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டான். டிப்போவுக்குப் போட்டாள். நல்ல வேளை, வண்டி அப்போதுதான் உள்ளே வந்திருந்தது. டைம்கீப்பர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"என்னங்க, உங்க டப்பால இருந்தது என்ன மாத்திரை?"

"எந்த டப்பா?"

"மழுப்பாதீங்க! புள்ள வாயெல்லாம் மஞ்சள்!"

"பிரஷர் மாத்திரை. ஒம்போது இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு!"

பிரஷரா? இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான் மனுஷன். ஆத்திரப்பட அவளுக்கு நேரமில்லை. தட்டில் ஐந்து கிடந்தன. கூரையைப் பிய்த்ததில் மூன்று கிடைத்தன. ஒன்றைக் காணோம்.

வாடகைக் காரில் குண்டூசி அவள் தோளில் சாய்ந்து கண்ணைச் சொருகினான். மதியம் தூங்காத பிள்ளை சொருகத்தான் செய்வான், ஆனால் பெற்றவளுக்கு அது புரியுமா? "கண்ண மூடாதடா, என் ராசா, மூடாதடா," என்று அவனை உலுக்கிக்கொண்டே வந்தாள். மூத்தவள் ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்து வாயைத் திறக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் சின்னப் பட்டையைச் சுற்றிப் பிரஷர் அளந்தார்கள். இப்போதைக்குச் சரியாக இருக்கிறது, ஆனாலும் இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துக் காக்கிச் சட்டை வியர்வையில் நனைய அப்பன் ஓடிவந்தான். மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதான். அப்பா அழுவதைப் பார்த்ததும் மூத்தவள் உடைந்துவிட்டாள்.

"அவன் திங்கலப்பா. நேத்து எடுக்கறப்போ ஒண்ண நான்தான் கடிச்சேன். ஒரே கசப்பு. துப்பிட்டேன். திருடித் தின்னேன்னு அம்மா திட்டும்னு சொல்லல."

போன உயிர் திரும்பி வந்தது தாய்க்கு. மகளை இழுத்து அணைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"நேத்தே இவ எடுத்துட்டான்னா, காலைல டப்பா காலியாத்தானே இருந்திருக்கும்? நீங்க பார்க்கலையா?"

அவன் தலை குனிந்தான். "பார்த்தேன். சீட்டுக்கடியில கொட்டிருக்கும்னு நெனச்சேன்."

"வீட்ல புள்ளைங்க இருக்கேன்னு தோணலையா? ஒரு போன் போட்டிருக்கலாமே!"

"போட்டா உனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் டிப்போக்குத் தெரியும். வண்டியப் புடுங்கிடுவாங்க. அதுக்குத்தானே மாத்திரை அட்டைலேர்ந்து பிரிச்சு மிட்டாய் டப்பால போட்டு வெச்சிருந்தேன்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸ் பெரிய பட்டையை எடுத்து அவன் கையில் சுற்றினாள். அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். விறுவிறுவென்று டாக்டரைக் கூப்பிடப் போனாள். மாத்திரை போடாமல், நிறைந்த பஸ்ஸைக் காலையிலிருந்து ஓட்டியிருக்கிறான்.

அவன் போன் அடித்தது. டைம்கீப்பர்.

"பையன் எப்படி இருக்கான்? அடுத்த டிரிப்புக்கு வந்துடுவியா? ஜனம் நிக்குது."

அவன் வாயைத் திறக்குமுன் அவள் போனைப் பிடுங்கினாள். "அண்ணே, புள்ள நல்லா இருக்கான். இவருக்குத்தான் பிரஷர் ஏறிக் கெடக்கு. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இவரு வண்டி எடுக்கமாட்டாரு."

போனை வைத்தாள். பீஸ், அரிசி, வீட்டு வாடகை எல்லாம் அப்போதுதான் கண்முன் வந்து நின்றன.

"யாரக் கேட்டுடி சொன்ன?" என்றான்.

"யாரையும் கேக்கல. காலைல நீங்க யாரக் கேட்டு வண்டிய எடுத்தீங்க?"

அவன் போனைத் திரும்பக் கேட்கவில்லை. பட்டை சுற்றிய கையை மடியில் வைத்தபடி, தூங்கும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான்.