தண்ணீர் ஒரு பையில், ரொட்டி ஒரு பையில்

“ஒரு நாள் ஏதாவது ஒரு தீவுக்குப் போகணும். முதுகுல ஒரு பை. அவ்வளவுதான்.”

“யாரெல்லாம்?”

“யாரெல்லாமா? ஊரைக் கூட்டிக்கிட்டா போவாங்க? நீயும் நானும்தான்.”

“வழி தெரியாம எங்கயாவது மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்குவோம். ரெண்டு பேரும் சேர்ந்து தொலைஞ்சு போகலாம்.”

“சேர்ந்துன்னா, பக்கத்துல பக்கத்துல?”

“பின்ன? நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா?”

கல்யாணமான புதிதில், இன்னும் யாரும் குடிவராத ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று பேசிய பேச்சு அது. அவன் லிஃப்ட் பொருத்துகிறவன். தான் பொருத்தி முடித்த லிஃப்டில் முதல் ஆளாக மனைவியை ஏற்றிக்கொண்டு போய், காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போகிற உயரத்தில் நிறுத்தி, அந்தத் தீவைக் கொடுத்தான். அவளும் அதை வாங்கி மனசுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டாள்.

இப்போது தீவு வந்துவிட்டது. முதுகில் பை வந்துவிட்டது. பக்கத்துல பக்கத்துல மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

காட்டுப் பாதை ஈரமாக இருந்தது. வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே கிடந்தன. ஆனால் எந்தப் படியும் அடுத்த படியோடு ஒத்துப்போகவில்லை. மேலே இலைகள் அடைத்துக்கொண்டு, காற்று என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று கேட்க வைத்தன. அவன் ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்தான். எப்போதும் ஒரு வளைவு முன்னால்.

அடுத்த வளைவில் ஒரு பாறைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு, மூச்சு இரைக்க அவள் வந்து சேர்வாள். சேர்ந்ததுதான் தாமதம், அவன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொள்வான்.

“வந்துட்டியா டாக்டரம்மா? சரி, கிளம்பலாம்.”

இது எந்த ஊர் நியாயம்? அவனுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஓய்வு. அவளுக்கு ஒரு வளைவிலும் கிடையாது. பிந்தி வருகிறவள்தான் களைத்திருப்பாள் என்பது அந்த மண்டைக்குள் ஏறவே ஏறாதா?

“கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

“குடி, குடி. கொஞ்சமா குடி. வயித்துல தண்ணி குலுங்கினா ஏற முடியாது.”

தண்ணீர் முழுக்க அவன் பையில். ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் முழுக்க அவள் பையில். அது அவனுடைய மூட்டை கட்டும் கொள்கை. சாமான் தூக்கியே பழகிய தொழில். ஒரு கருவியை இரண்டு பேர் சுமந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. “சேர்ந்துதானே போறோம், ஒரே சாமான் எதுக்கு ரெண்டு பையில?” என்று கிளம்பும்போது பிரித்து வைத்தான். சோப்பு அவனிடம், சோப்பு டப்பா அவளிடம். பர்ஸ் அவனிடம், அந்தப் பர்ஸை எடுக்க விடாமல் பத்திரப்படுத்துகிற பூட்டின் சாவி அவளிடம். சேர்ந்து போனால் அருமையான ஏற்பாடுதான். சேர்ந்து போகவேண்டும், அவ்வளவுதான்.

அவன் மறுபடி வளைவில் மறைந்தான். அவள் அவன் முதுகுப்பையில் தொங்கிய ஆரஞ்சு நிறத் துண்டை வெறித்தாள். அந்தத் துண்டைப் பார்த்தாலே இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா என்பது அவன் வைத்த செல்லப் பெயர். அவள் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாலே நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டுகிற குழந்தைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். ஆனால் எந்த இடத்திலும் அவள் ரத்தம் எடுக்கிற நாற்காலியைத் தாண்டி மேலே போனதில்லை. மேலே போகிற நேரம் பார்த்து அவனுடைய கட்டடம் முடிந்துவிடும். லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிடும். அடுத்த ஊர், அடுத்த கட்டடம், அடுத்த வாடகை வீடு. அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டி, புது ஊரில் மறுபடி கடைசி ஆளாகச் சேர்வாள். அவன் மற்றவர்களை மாடி மாடியாக ஏற்றிவிடுகிறவன். பெண்டாட்டி மட்டும் தரைத்தளத்திலேயே நின்றாள்.

இந்த முறை கதை வேறு. பரிசோதனைக் கூடத்தின் முதலாளியான பெரிய டாக்டர், கிளம்புவதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, வேறொரு ஊரில் திறக்கப்போகிற கிளையை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு திங்கட்கிழமைக்குள்ள சொல்லும்மா. நீ வரலைன்னா வேற ஆள் போட்டுடுவேன், எனக்கு வேற வழியில்ல.”

வீட்டுக்காரரிடம் கேட்பதற்கு அவள் படகில் வாயைத் திறந்தாள். வேகப் படகுக்குக் கட்டணம் அதிகம் என்று அவன் பிடித்த சரக்குப் படகு அது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். அவள் “என்னங்க” என்றாள். அவனும் அதே நேரம் “உனக்கு ஒரு சர்ப்ரைஸ்” என்றான்.

“அடுத்த சைட் முடிவாயிடுச்சு. பெரிய வேலை. வீடுகூட போன்லயே பார்த்துச் சொல்லி வச்சுட்டேன். அடுப்படில ஜன்னல் இருக்கு. நீ கேட்ட மாதிரி.”

ஜன்னல் கேட்டது உண்மைதான். எந்த ஊரில் என்று யார் கேட்டார்கள்?

“நீ என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்ல. வெங்காய வாடை.”

அன்று இரவு தங்கின இடமும் சிக்கனம்தான். ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில்கள். அவள் கீழே, அவன் மேலே, எதிர்க் கட்டிலில் குறட்டையில் மரம் அறுக்கிற ஒரு தாடிக்காரன். தாடிக்காரனுக்கு முன்னால் குடும்ப விஷயம் பேச முடியுமா? மறுநாள் அவன் அதே தாடிக்காரனோடு நட்பாகி, வாடகை ஜீப்பைப் பங்கு போட்டுக்கொண்டான். ஜீப்பிலும் தாடி. நீர்வீழ்ச்சியிலும் தாடி. நல்லவேளை, இன்று காலை தாடிக்கு வயிற்றுக்கோளாறு.

அக்கா போனில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். “உன் புருஷன் நல்ல மனுஷன்தானேடி? வாயைத் திறந்து கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறார்?”

“கேட்டாத்தான் தெரியுமா அவருக்கு?”

“ஆமா, மந்திரவாதியைக் கட்டியிருக்கணும் நீ. லிஃப்ட்டுக்குக்கூடப் பட்டனை அழுத்தினாத்தான் வரும்.”

அக்காவுக்கு என்ன, சொல்லிவிட்டாள். அவன் கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். நேற்று இரவு யாரும் பார்க்காதபோது அவள் குதிகாலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான். இப்படிப்பட்டவனிடம், போன்லயே வீடு பார்த்துவிட்ட சந்தோஷத்தில் இருப்பவனிடம், என்னவென்று ஆரம்பிப்பது? சொல்லாமல் விழுங்கி விழுங்கி, அவன்மேல் வருகிற கோபம் பாதி, தன்மேல் வருகிற கோபம் பாதி என்று ஆகிவிட்டது.

அதனால்தான் இன்று காலை ஒன்றே ஒன்று கேட்டாள். “இன்னிக்கு உச்சிக்கெல்லாம் வேண்டாங்க. பாதி வழியில கடற்கரைக்கு இறங்கிடலாம். உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“தாராளமா! கடலைப் பார்த்துக்கிட்டே பேசலாம்.”

அந்தக் கடற்கரைப் பிரிவு இப்போது வந்தது. பாதை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் மேலே உச்சிக்கு. வலதுபக்கம் கீழே கடலுக்கு. ஆரஞ்சுத் துண்டைக் காணவில்லை. நடுவில், மண்ணைக் கூட்டிச் சுத்தமாக்கி, குச்சிகளால் ஒரு அம்புக்குறி வைத்திருந்தான். கட்டட வேலையில் கூட வருகிறவர்களுக்குச் சாக்பீஸால் போட்டுக் காட்டுவானே, அதே நேர்த்தி.

அம்பு மேலே காட்டியது.

அவள் நின்றாள். ஒரு நிமிஷம் எதுவும் தோன்றவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாகத் தோன்றியது. உச்சியிலிருந்து காட்சி அருமையாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவளுக்கும் பிடிக்கும் என்று அவனே முடிவு செய்திருப்பான். அம்பைப் போட்டுவிட்டு, அவள் வருவாள் என்று போய்விட்டான். ஏன் வரமாட்டாள்? எத்தனை ஊருக்கு வந்திருக்கிறாள்!

“என்னங்க!” என்று கத்தினாள். ஏதோ ஒரு பறவைதான் பதில் சொன்னது. தொண்டை காய்ந்துவிட்டது. தண்ணீர் மேலே போய்க்கொண்டிருந்தது.

பழக்கதோஷத்தில் கால் இடதுபக்கம் இரண்டடி வைத்துவிட்டது. அதை உணர்ந்ததும் அவளுக்கு அழுகையே வந்தது. திரும்பி வந்தாள். குனிந்து குச்சி பொறுக்கினாள். அவன் அம்பைக் கலைக்கவில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொரு அம்பு வைத்தாள், கடலைப் பார்த்து. நேர்த்தியாக வரவில்லை, கோழி கிளறிய மாதிரி இருந்தது. தலையிலிருந்த சிவப்பு கிளிப்பைக் கழற்றி அதன் நுனியில் செருகினாள். பிறகு வலதுபக்கம் இறங்கினாள்.

இறக்கம் சுலபமில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து வழுக்கினாள். பேன்ட்டின் பின்பக்கம் சேறானது. ஆனால் களைத்த இடத்தில் நின்றாள், மூச்சு திரும்பியபின் நடந்தாள். யாரும் அவளைப் பார்த்து எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொள்ளவில்லை.

கடற்கரையில் தகரம் வேய்ந்த ஒரு கடை. இளநீரும் குளிர்பானமும் வரிசையாக அவளைப் பார்த்து இளித்தன. பர்ஸ் உச்சிமலையில். பூட்டுச் சாவி மட்டும் அவள் பையில் பத்திரமாக இருந்தது.

கடைக்காரம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “என்னம்மா, மலையே உன்மேல ஏறி இறங்கின மாதிரி இருக்க?”

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? காசு என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.”

“தண்ணிக்கு யாரு காசு கேட்டா? இந்தா, குடி.” சொந்தக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். “வீட்டுக்காரர் எங்க?”

“பின்னாடி வர்றார்.”

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். இந்த இரண்டு வார்த்தை அவள் வாயிலிருந்து இதுவரை வந்ததே இல்லை.

மணலில் உட்கார்ந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். சிக்னல் வந்து போன் அதிர்ந்தது. பெரிய டாக்டர். ‘என்னம்மா, வீட்டில் பேசிவிட்டாயா?’ அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கடல் தன்பாட்டுக்கு வந்து வந்து போனது. வராமலே இருந்துவிடுவானோ என்று ஒரு பயம். வந்தால் வழக்கம்போல ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடுவோமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஆரஞ்சுத் துண்டு வந்தது. நடையல்ல, ஓட்டம். சட்டை கிழிந்து, முழங்கை சிராய்த்து, ஒரு கையில் சிவப்பு கிளிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். அவளைக் கண்டதும் அப்படியே முழங்காலைப் பிடித்துக் குனிந்தான். கடைக்காரம்மா வேடிக்கை பார்க்க வசதியாக ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“உசுரே... போயிடுச்சு டாக்டரம்மா. உச்சியில உக்காந்து பார்க்கறேன், பார்க்கறேன், உன்னைக் காணோம். எங்கயாவது விழுந்துட்டியோன்னு...”

“அம்புக்குறி போட்டேனே.”

“அதைப் பார்த்துத்தான் வந்தேன். கிளிப்பைப் பார்த்ததும் பகீர்னுச்சு!”

“ஏன்? வழிதானே காட்டினேன்.”

“அம்புக்குறி போட்டா ஆச்சா?” அவன் குரல் உடைந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “நீயா முடிவு பண்ணி, நீயா போயிடுவியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

அவள் மென்றுகொண்டிருந்த ரொட்டியை விழுங்கினாள். இத்தனை ஊர்களாக அவள் தொண்டையில் கிடந்த வாக்கியம். அதை அவன் வாயால் கேட்கவேண்டும் என்று இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

“உக்காருங்க முதல்ல.”

“நான் நல்லாத்தான் இருக்கேன், கிளம்ப...”

“மூச்சு வாங்குது உங்களுக்கு. உக்காருங்க. நான் எழுந்திருக்க மாட்டேன்.”

அவன் உட்கார்ந்தான். பக்கத்தில். தோளோடு தோள் இடிக்கிற அளவு பக்கத்தில். அவள் ஒரு ரொட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான். கிளிப்பை மட்டும் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தான்.

“காலைல என்னமோ பேசணும்னியே,” என்றான், மெதுவாக. “நான்தான் மறந்துட்டு மேல போயிட்டேன். என்ன விஷயம்?”

ஒண்ணுமில்ல என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் தண்ணீரை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

“ஒரு வார்த்தை கேக்கணும்னீங்களே. இப்பக் கேக்கறேன். பெரிய டாக்டர் வேற ஊர்ல கிளை திறக்கறார். அதை என் பொறுப்புல விடறேன்னு சொல்லியிருக்கார். எனக்குப் போகணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. அந்த ஜன்னல் வச்ச வீடு வேண்டாம். இந்தத் தடவை, என் வேலைக்காக, நீங்க என்கூட வர்றீங்களா?”