குடி மறக்கும் தூள்

கஸ்பர் குடியை விட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மதுவிலக்குச் சங்கத்தை நடத்தும் அருட்பிரகாசம் மாஸ்டர் அது சத்தியப்பிரமாணத்தின் வலிமை என்றார். பங்குச் சுவாமி செபத்தின் பலன் என்றார். வெள்ளைக்காரரின் ஊரான கோலியர்ஸ் வுட்டில் குடியேறியிருந்த மன்னார்ச் சனங்கள், என்ன இருந்தாலும் நல்ல இடத்துப் பிள்ளை, புத்தி வந்துவிட்டது என்றார்கள். கஸ்பரின் மனைவி பெர்னடெற் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் சமையலறை அலுமாரியில், அப்பச் சோடா டப்பாவுக்குள் இருந்தது. அது ஒரு தூள்.

அவள் அந்தத் தூளைத் தேடிப் போனதற்கு ஒரு நாள் நடந்தது காரணம். எண்பத்தெட்டாம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் முடித்து வந்தவளை நேரே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. போனாள். மகள் இசபெல் தலைமை ஆசிரியையின் அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கஸ்பர் வெளியே மதிலில் சாய்ந்து நின்றான். பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவனின் நிலையைப் பார்த்துவிட்டு அவர்கள் பிள்ளையை அவனோடு அனுப்ப மறுத்திருந்தார்கள். இன்னொரு முறை நடந்தால் பிள்ளைகளின் நலன் பார்க்கும் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டி வரும் என்று தலைமை ஆசிரியை மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் பெர்னடெற்றைச் சுட்டது. வீடு வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை. இசபெல் தகப்பனின் கையைப் பிடிக்காமல் தாயின் மறுபக்கம் நடந்தாள்.

அந்தக் கிழமையே தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கும்போது, இலவசமாக வைத்திருந்த மாதப் பத்திரிகையில் விளம்பரத்தைக் கண்டாள். “குடிகாரக் கணவரா? கலங்க வேண்டாம். அவருக்குத் தெரியாமலே தேநீரில் கலந்து கொடுங்கள். மணமில்லை, நிறமில்லை, தீங்கில்லை. தானாகவே மதுவை வெறுப்பார்.” கீழே நகரத்தின் மறுகோடியில் இருந்த ஈஸ்ட் ஹாம் விலாசம் ஒன்று.

வைத்தியர் என்று சொன்னவர் வீடியோக் கசெற் வாடகைக்கு விடும் கடையின் பின்னறையில் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மேசையில் எலுமிச்சம்பழமும் தொலைபேசியும். தூள் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, ஒண்டு மட்டும் கவனம். மருந்து குடுக்கிறது அவருக்குத் தெரியப்படாது. தெரிஞ்சால் மருந்து செத்துப்போம்.”

“உடம்புக்கு ஒண்டும் செய்யாதே?”

“குடிதான் உடம்புக்குச் செய்யும். இது என்ன செய்யப்போகுது?”

அதை மறுமொழியாக எடுப்பதா விடுவதா என்று தெரியாமலே அவள் ரயில் ஏறினாள்.

மறுநாள் காலை கணவனின் தேநீரில் ஒரு கரண்டி கரைத்தாள். கஸ்பர் ஒரு வாய் குடித்தான், கோப்பையைப் பார்த்தான், பிறகு முழுவதையும் குடித்து முடித்தான். கிறிஸ்மஸுக்கு முன்னமே அவன் குடிக்காமல் வீடு வரத் தொடங்கினான். முதலில் அவள் நம்பவில்லை. கோட்டுப் பைகளைத் தடவினாள், மூச்சை மணந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. புது வருடம் பிறந்ததும் அவன் தானாகவே சங்கத்துக்குப் போய்ச் சத்தியப்பிரமாணம் செய்தான்.

சங்கம் கூடியது வெள்ளைக்காரர் கட்டிய பழைய மதுவிலக்கு மண்டபத்தில். அந்தக் கூரையின் கீழ் ஒரு துளி மதுவும் வரக்கூடாது என்று கட்டியவர்கள் எழுதி வைத்திருந்தார்களாம். அதனால் கலியாண வரவேற்புக்கு அதை யாரும் எடுப்பதில்லை. தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சுலபமாகக் கிடைத்தது. அங்கே கஸ்பர் மெல்ல மெல்லப் பேர் பெற்றான். புதிதாக வருகிறவர்களுக்கு மாஸ்டர் அவனைத்தான் காட்டுவார். “மனவலிமை எண்டால் இவரைப் பாருங்கோ” என்பார். கஸ்பர் தலையைக் குனிந்துகொள்வான். அது அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பின் வரிசையில் இருந்த பெர்னடெற்றுக்கோ, சந்தோசப்படுவதா, வெட்கப்படுவதா என்று பிடிபடவில்லை. என்னுடைய தூளுக்கு இவருக்கு மாலையா என்று ஒரு நேரம் எரிச்சல்கூட வரும். உடனே தன்னையே திட்டிக்கொள்வாள்.

தூளை நிறுத்தவும் துணிவில்லை. நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமோ? கொடுத்துக்கொண்டே போனால் ஈரலுக்கு ஏதும் ஆகுமோ? அவன் வயிற்றைத் தடவினால் “நோகுதே?” என்று உடனே கேட்பாள். ஆனாலும் பொட்டலம் முடிய முடிய ஈஸ்ட் ஹாமுக்குப் போய்வந்தாள். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று இரண்டு முறை கூண்டு வரை போனாள். பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் இதைச் சொல்வது என்று தெரியாமல் கோபப்பட்டதையும் பூசைக்குப் பிந்தியதையும் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

தொண்ணூறாம் ஆண்டு கோடையில் மண்டபத்துக்கு நூறு வயதானது. அதைப் பராமரித்துவந்த மிஸ் ஹாலெற் என்ற வெள்ளைக்காரக் கிழவி பழைய படங்களையும் அச்சுத் தாள்களையும் பலகைகளில் குத்தி ஒரு கண்காட்சி வைத்தாள். தமிழர் சார்பில் பெர்னடெற் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனாள். தட்டை வைத்துவிட்டுப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு தாளின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

அதிலிருந்த படத்தில் பூப்போட்ட சட்டையணிந்த பெண் ஒருத்தி, கணவன் பத்திரிகை படிக்கும் நேரம் பார்த்து அவன் கோப்பைக்குள் எதையோ போடுகிறாள். கீழே ஆங்கிலத்தில், மெல்ல எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவருக்குத் தெரியாமலே தேநீரில் கொடுக்கலாம். மணமில்லை. நிறமில்லை. தீங்கில்லை. ஈஸ்ட் ஹாம்காரர் எழுதியதை யாரோ நூறு வருடத்துக்கு முன்பே இங்கிலிஷில் எழுதி வைத்ததுபோல் இருந்தது.

பின்னால் வந்த மிஸ் ஹாலெற் சிரித்தாள். எல்லாம் ஏமாற்று, பெண்ணே, என்றாள். அந்தக் காலத்தில் யாரோ ஒரு மருந்தாளர் பகுத்துப் பார்த்தாராம். பாற்சர்க்கரையைத் தவிர அதில் ஒன்றுமே இல்லையாம். இன்னும் மோசமானவையும் இருந்தன என்று வேறொரு தாளைக் காட்டினாள். நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்ற டானிக். இந்த மண்டபத்தின் முதல் பொருளாளர் அவளுடைய பெரியம்மாதான். சாகும்வரை மதுவைத் தொடாதவள். ஆனால் அந்த டானிக்கை மட்டும் நாளுக்கு மூன்று வேளை குடிப்பாள். அதில் பாதி சாராயம். மாலைக் கூட்டங்களில் பெரியம்மாவைப்போல உற்சாகமாகப் பாடியவர் யாருமில்லை என்று சொல்லிவிட்டு, மிஸ் ஹாலெற் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

பெர்னடெற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் வைத்தாள். இலேசாக இனித்தது. இன்னும் கொஞ்சம் வைத்தாள். குழந்தைப் பால்மா போல இருந்தது, வேறொன்றுமில்லை. ஒன்றரை வருடமாக இதை ஒரு தடவையாவது ருசி பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் கஸ்பர் எதனால் விட்டான்? மாஸ்டர் சொல்வதுதான் சரியா? அல்லது மிஸ் ஹாலெற் சொன்ன தூள் வேறு, இந்தத் தூள் வேறா? யோசிக்க யோசிக்கத் தலை கனத்தது.

மறுநாள் காலை தூள் போடாமல் தேநீர் கொடுத்தாள். கஸ்பர் ஒரு வாய் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“இண்டைக்கு ஏன் போடேல்லை?”

“என்னத்தை?”

“அந்த டப்பாவுக்குள்ளை இருக்கிறதை.”

பெர்னடெற் கதிரையில் இருந்துவிட்டாள். “உங்களுக்குத் தெரியுமே?”

“முதல் நாளே தெரியும். யன்னல் கண்ணாடியிலை உன்ரை கை தெரிஞ்சது. திரும்பித் திரும்பிப் பாத்துப் பாத்துக் கலக்கினாய்.”

“பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?”

கஸ்பர் மேசை விரிப்பின் கரையை விரலால் நீவினான். “நஞ்சு எண்டு நினைச்சன்.”

“ஐயோ மாதாவே! நான் உங்களுக்கு நஞ்சு வைப்பனே?”

“பள்ளிக்கூடத்திலை பிள்ளையைத் தரமாட்டம் எண்டவங்கள். நீ ஒரு வார்த்தை பேசேல்லை. கத்தியிருந்தால் வேறை. நீ பேசாமல் வந்தாய். அடுத்த கிழமை உந்தத் தூளைக் கலக்கிறாய். நான் வேறை என்னத்தை நினைக்கிறது?”

“நினைச்சுக்கொண்டு குடிச்சனீங்களே?”

“குடிச்சன். எனக்கு அந்தச் சாவு போதும் எண்டுதான் இருந்தது. பிறகு பயம் பிடிச்சிட்டுது. சாகேக்கை இசபெல் என்னைக் குடிவெறியனாப் பாக்கப்படாது எண்டு யோசிச்சன். அதுக்காக விட்டன். பாத்தால், சாகவும் இல்லை.”

“மாசக்கணக்காச் சாகாத ஆளுக்கு அது நஞ்சில்லை எண்டு தெரியாதே?”

“தெரிஞ்சது. ஆனா என்ன எண்டு தெரியேல்லை. கேட்டால் நீ நிப்பாட்டிப்போடுவியோ எண்டு இருந்தது. நிப்பாட்டினால் நான் திரும்பவும் தொடங்கிடுவனோ எண்டு இருந்தது. என்னெண்டு சொல்லுறது, எனக்கே விளங்கேல்லை.”

அவள் எழுந்து டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஈஸ்ட் ஹாமையும் விளம்பரத்தையும் மண்டபத்துத் தாளையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கஸ்பர் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “சீனி மாதிரியெல்லோ கிடக்கு” என்றான். அவன் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. தன் கணவன் தன்னைக் கொலைகாரி என்று நம்பியும் நாள் தவறாமல் தன் கையிலிருந்து வாங்கிக் குடித்திருக்கிறான். அதை அன்பு என்று எடுப்பதா, இத்தனை நாளும் தன்னோடு யாரோ அந்நியன் இருந்தான் என்று எடுப்பதா? அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் உருளைக்கிழங்கு தோலுரித்தபடி அதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். வேலை முடிந்து வெளியே வந்தபோது கஸ்பர் வாசலில் நின்றான். முன்பு அப்படி வந்து நின்றதில்லை. இருவரும் பேசாமலே நடந்தார்கள். இந்த முறை அது கனக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் வழக்கம்போல அவனை மேடைக்கு அழைத்தார்.

“மாஸ்டர் மனவலிமை எண்டு சொல்லுறார்,” என்றான் கஸ்பர். “எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. நான் பயத்திலை விட்டனான். அந்தப் பயம் பிழையான பயம். அது போன பிறகும் நான் தொடேல்லை. ஏன் எண்டு எனக்கே தெரியாது. நாளைக்கும் தொடமாட்டன் எண்டு நினைக்கிறன். அவ்வளவுதான்.”

மாஸ்டரின் முகம் சுருங்கியது. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சபை ஒரு கணம் விழித்தது. பிறகு முன்வரிசையில் இருந்த, வந்து இரண்டு கிழமையான ஒரு மனுசன் மட்டும் பலமாகத் தட்டினான்.

கூட்டம் கலைந்ததும், சங்கத்துக்குத் தனியே வரும் செல்வமலர் பெர்னடெற்றின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள். அவள் புருசனும் குடிகாரன். இதுவரை சங்கத்துப் படி மிதிக்காதவன்.

“அக்கா, ஈஸ்ட் ஹாமிலை ஒரு தூள் இருக்காம். நீங்கள் அங்கை போனதை ஆரோ கண்டவையாம். உண்மையே?”

பெர்னடெற் மறைக்கவில்லை. பாற்சர்க்கரை, நஞ்சு, பயம், எல்லாவற்றையும் சொன்னாள். செல்வமலர் கண்ணை விரித்துக் கேட்டாள்.

“அப்ப வேலை செய்திருக்குத்தானே அக்கா?”

“இல்லையடி. அது வெறும் சீனி.”

“சீனியோ என்னவோ, அண்ணை விட்டிட்டார்தானே? விலாசத்தைத் தாங்கோ.”

பெர்னடெற் யோசித்தாள். வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? வேலை செய்தது என்றும் எப்படிச் சொல்வது? தன் வீட்டில் நடந்தது இன்னொருத்தி வீட்டில் நடக்குமா? அவள் புருசன் நஞ்சென்று நினைத்தால் பொலிசுக்கல்லவா ஓடுவான்?

“விலாசம் தரமாட்டன்,” என்றாள் கடைசியில். “ஏன் எண்டு கேக்காதை, எனக்கு விளக்கமாச் சொல்ல ஏலாது. அவரை ஒருக்கா எங்கடை வீட்டை சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா. இவர் அவரோடை கதைப்பார்.”

“என்னத்தைக் கதைப்பார்?”

“அது எனக்குத் தெரியாது.”

செல்வமலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். ஆனாலும் சனிக்கிழமை புருசனோடு வந்தாள். அவன் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். கஸ்பர் அவனைப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். பெண்கள் இருவரும் இடியப்பம் பிழிந்தபடி யன்னலால் பார்த்தார்கள். ஆண்கள் வேலியோரம் போய் நின்றார்கள். பிறகு கஸ்பர் ஏதோ சொன்னான். வந்தவன் திடுக்கிட்டுத் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தான், தன் மனைவி நின்ற யன்னலை, இடியப்பம் பிழிந்த அவள் கைகளை.

“என்னக்கா சொல்லிப்போட்டார்?” என்று கேட்டாள் செல்வமலர்.

பெர்னடெற் தட்டுகளை எடுத்து நீட்டினாள். “சாப்பாட்டை வை,” என்றாள். “பசியோடை வருவினம்.”