ஒத்தமரத்துக்கு வந்த கப்பு

ஒத்தமரத் தோட்டம் கடைசியாகக் கப்பு வாங்கியது 1952 ஐப்பசியில். நாகலெட்சுமி வெள்ளிமலைத் தோட்டத்திலிருந்து பொன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஒத்தமரத்துக்கு வந்தது 1953 வைகாசியில். இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லை.

இரண்டும் தேயிலைத் தோட்டம், இலங்கை மலையகத்து டிக்கோயாவிலிருந்து நடக்கிற தூரம்தான். நடுவில் ஓர் ஆறும் ஒரு பாலமும். வருடத்துக்கு ஒரே ஒரு பந்தாட்டம், தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு. ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. ஜெயித்த தோட்டம் கப்பை அடுத்த ஆட்டம் வரை வைத்திருக்கும். 1953 தொடங்கி 1960 முடிய எட்டு ஆட்டம். எட்டிலும் ஒத்தமரத்துக்குத் தோல்வி. ஒரு தடவை ஐந்து கோல் வாங்கினார்கள். ஒரு தடவை பெனால்டி கிடைத்தும், உதைத்த பந்து கோல்கம்பத்துக்கு மேலே பறந்து தேயிலைக்குள் விழுந்து, மூன்று நாள் கழித்துத்தான் கொழுந்தெடுத்த பெண்கள் அதைக் கண்டெடுத்தார்கள்.

அந்த எட்டு ஆட்டத்தையும் ஒன்றுகூட விடாமல் பார்த்தவள் நாகலெட்சுமி. பொன்னையாதான் ஒத்தமரத்தின் கோல்காவலன். எட்டு மாத வயிற்றோடு ஒரு வருடம் பாலத்தைத் தாண்டிப் போனாள். மழையில் நனைந்து காய்ச்சலோடு திரும்பியது இன்னொரு வருடம். போகும்போது வெற்றிலையும் பேச்சுமாகப் போகிற கூட்டம் வரும்போது வாயே திறக்காது. அந்த மௌனத்துக்குள் அவள் முதுகில் ஏறுகிற பார்வைகள் அவளுக்குத் தெரியும். "இவ காலெடுத்து வச்சா, கப்பு காலெடுத்து ஓடிருச்சு" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒருத்தி சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறாள்.

பிறந்த தோட்டத்தில் வேறு கேலி. வெள்ளிமலையின் முன்னாட்டக்காரன் அவளுடைய தம்பி சின்னத்தம்பி. போன வருடம் ஆட்டம் முடிந்ததும் கப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"என்னாக்கா, ஒன்னய அனுப்பிட்டு வருசா வருசம் சீர் வாங்கிக்கிட்டு இருக்கோம். மச்சான் தாராள மனசுக்காரரு."

"வாய மூடிக்கிட்டுப் போடா. அடுத்த வருசம் இருக்கு."

"நீ இதத்தானே போன வருசமும் சொன்ன!"

அந்த அடுத்த வருடம் 1961. ஒத்தமரத்துக்கு ஒரு நம்பிக்கை பிறந்திருந்தது. டயகமவிலிருந்து லொறி டிரைவராக மாற்றலாகி வந்த லியனார்ட் என்பவனுக்கு இரண்டு காலிலும் பந்து பேசியது. அவன் பந்து பழகுவதைப் பார்க்கவே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் சாயங்காலமும் கூட்டம் கூடியது. "இந்த வருசம் நம்ம வருசம்" என்று எட்டு வருடமாகச் சொல்லி வந்தவர்கள், முதல் தடவையாக அதை நம்பியே சொன்னார்கள்.

நம்பிக்கை வந்ததும் பயமும் வந்துவிட்டது. ஆதரவாளர் கூட்டத்துக்குத் தலைவர் சிவசாமி கங்காணி. கொடி பிடிப்பது, கத்துவது, தோற்றால் காரணம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்டத்துக்கு முந்தின வாரம் கூட்டம் போட்டு, பீடை கழிக்க மூன்று தீர்மானம் எடுத்தார்கள். பச்சைச் சட்டையை மாற்றிச் சிவப்பாக்குவது ஒன்று. கோல்கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் குங்குமம் வைப்பது இன்னொன்று. மூன்றாவதைச் சொல்வதற்காகச் சனிக்கிழமை மாலை சிவசாமியே தோட்டக் குடியிருப்பான லயத்தில் பொன்னையாவின் காம்பிரா வாசலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நாகு, ஒன்னும் நெனச்சிக்காத. நாளைக்கு நீ ஆட்டத்துக்கு வரவேணாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "ஏன் மாமா? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒன்னுஞ் செய்யல. அதான் சொல்ல வாய் வரமாட்டேங்குது. எட்டு வருசமா எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டோம். மாத்தாதது நீ வர்றது ஒன்னுதான்."

"மாத்தாதது நீங்க கத்துறதும்தான் மாமா."

சிவசாமி இருமினார். "பேச்சு நல்லாத்தான் பேசுற. நாளைக்கு ஒரு நாள் மட்டும் வூட்டுல இரு, தாயி." அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டார்.

சிவப்புச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பொன்னையா தலை நிமிரவில்லை.

"நீங்க என்னாங்க சொல்றீங்க?"

"ஒரு தடவைதானே புள்ள" என்றான்.

கங்காணி சொன்னதைவிட இதுதான் அவளுக்கு வலித்தது. அன்றிரவு அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாளைக்கு நான் இல்லாமல் இவர்கள் ஜெயித்தால், சாகும்வரை நான்தான் இந்தத் தோட்டத்துப் பீடை. என் பிள்ளைகளுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும். நான் இல்லாமலும் தோற்றால், பழி இறங்கிவிடும். ஆக, இவர்கள் தோற்பதுதான் எனக்கு நல்லது. கணக்கில் எந்தப் பிழையும் தெரியவில்லை. ஆனாலும் அந்த விடையை வைத்துக்கொண்டு அவளால் கண்ணை மூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, இந்த வருட முறைப்படி ஒத்தமரத்தில், ஆட்டம் தொடங்கியது. மைதானம் லயத்துக்குக் கீழே, ஃபக்டரிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டத்தோடு அனுப்பிவிட்டு, நாகலெட்சுமி அரிசி புடைக்க உட்கார்ந்தாள். கீழேயிருந்து முதல் சத்தம் வந்தது. அது யார் சத்தம், ஒத்தமரமா வெள்ளிமலையா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியும். அது வெள்ளிமலைச் சத்தம். 'ஐயோ, முருகா, உள்ள போயிருக்கக் கூடாது!' என்று வாய் தானாக வேண்டியது. சத்தம் பாதியில் அறுந்து விழுந்தது, கோல் இல்லை. புடைத்த அரிசி பாதி தரையில் கிடந்தது. தோற்றால் நல்லது என்று ராத்திரி போட்ட கணக்கு எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒத்தமரம் ஜெயிக்க வேண்டும். அப்புறம் பேரை என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றரைக்கு மூடுபனி, அவர்கள் வாயில் மிஸ்டு, இறங்கியது. ஐப்பசி மத்தியானங்களில் இது வழக்கம்தான். மேல்மலையிலிருந்து உருண்டு வந்து, லயத்தை விழுங்கி, மைதானத்தை விழுங்கி, கடைசியில் ஃபக்டரிக் கூரையையும் மூடிவிட்டது. பத்து முழத்துக்கு அப்பால் ஆள் தெரியாது. வாசலில் நின்று அதைப் பார்த்தவள், உள்ளே போய்ப் பொன்னையாவின் கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அந்த மிஸ்டில் கம்பளி போர்த்தவர்களில் ஆணென்ன, பெண்ணென்ன, பீடையென்ன.

இடைவேளை முடிந்து பொன்னையா நிற்கிற கோலுக்குப் பக்கத்தில், கோட்டோரமாக, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வரம்பில் போய் நின்றாள். மைதானத்தில் பாதிகூடத் தெரியவில்லை. மிஸ்டு விழுந்தால் ஆதரவாளர்களுக்கு ஒரு முறை உண்டு: பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஆட்கள் பார்த்துக் கத்துவார்கள், அடுத்து நிற்கிறவர்கள் அதை வாங்கி இந்தப் பக்கம் தள்ளுவார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பாதியும் காதால் பாதியுமாகப் பார்ப்பார்கள்.

"பந்து லியனார்ட் கால்ல!"

"லியனார்ட் கால்லயாம்!"

"ஒருத்தன வெட்டிட்டான்!"

"ஒருத்தன வெட்டிட்டானாம்... ரெண்டு பேராம்!"

பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தக் கோடியிலிருந்து ஒரு பேரிரைச்சல் புறப்பட்டு, கோட்டோரமாகவே ஓடிவந்து அவளைத் தாண்டிப் போனது. பக்கத்தில் நின்ற கம்பளிக்காரர் ஒருவர் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "கோலு! கோலுடா தம்பி!" தம்பியும் ஆமாம் என்று தலையை ஆட்டியது. கம்பளிக்குள் கண்ணீர் வழிந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஒன்றுக்குப் பூச்சியம். இன்னும் ஐந்தாறு நிமிடம் இருக்கும். அப்போதுதான் நாலரைச் சங்கு ஊதியது.

ஐப்பசியில் கொழுந்து குவிந்து கிடக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஃபக்டரி ஓடும். ஓடுகிற நாளில் நாலரைக்குச் சங்கு ஊதும். ஒத்தமரத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, கையில்தான் விழும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் கத்தியைத் தாழ்த்துவான். மண்ணைக் கிளற முள்ளுக் குத்துகிறவன் முள்ளைத் தோளில் வைப்பான். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று உடம்பே முடிவு செய்துவிடும். நாகலெட்சுமிக்கு முன்னால் நின்ற பின்னாட்டக்காரன் பழனியாண்டி, கையை இடுப்பில் வைத்து, மூச்சை விட்டு, ஃபக்டரிப் பக்கம் திரும்பினான். அவனுக்கு அப்பால் இன்னொருவன் குனிந்து முட்டியைத் தேய்த்தான். கோலில் பொன்னையா நெற்றியைத் துடைத்தான்.

வெள்ளிமலையில் சங்கு கிடையாது, மணிதான். நாகலெட்சுமி இங்கே எட்டு வருடமாகக் கொழுந்தெடுத்தும் அவள் உடம்பு அந்தச் சங்குக்குப் பழகவில்லை. வெள்ளைச் சட்டையில் ஒருவன் மிஸ்டைக் கிழித்துக்கொண்டு, நிற்கிற பழனியாண்டியைச் சுற்றி ஓடிவந்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள். அவள் தம்பி.

ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. கம்பளியை உதறிவிட்டுக் கத்தினாள்.

"ஏங்க! நிக்காதீங்க! பந்து வருது, எடது பக்கம், எடது பக்கம்!"

பொன்னையா யோசிக்கவில்லை. மனைவி சொன்ன பக்கத்துக்குப் பாய்ந்தான். சின்னத்தம்பி உதைத்த பந்து அவன் முழங்கையில் பட்டு, குங்குமம் வைத்த கம்பத்தில் மோதி, கானுக்குள் விழுந்தது.

"அக்கா!" என்று சின்னத்தம்பி தலையில் கை வைத்தான். "பாவி மகளே, கூடப் பொறந்தவளா நீ!"

வெள்ளிமலைக்காரர்கள் ஆட்ட நடுவரான ரெப்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ரெப்ரி பெரேரா, றொசல்ல ஸ்டேஷனில் வேலை பார்க்கிற சிங்களவர், நல்ல மனிதர்.

"வெளிய நின்னு சொல்லிக்குடுத்தாங்க மாத்தயா! இது செல்லாது!"

"சத்தம் போட வேணாம் சொல்லி சட்டத்தில இல்ல" என்றார் பெரேரா. "போட வேணாம் சொன்னா இங்க ஒரு ஆளும் வாறதில்லதானே. போங்க, போங்க, வெளையாடுங்க."

அந்தக் கடைசி நிமிடங்களில் ஒத்தமரத்தின் பதினொரு பேரும் தூக்கத்தில் தட்டி எழுப்பப்பட்டவர்கள் போல ஓடினார்கள். விசில் ஊதியது. ஒன்றுக்குப் பூச்சியம். ஒன்பதாவது வருடத்தில் ஒத்தமரம் ஜெயித்துவிட்டது.

நாகலெட்சுமி கான் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அவளைச் சுற்றி வந்து நின்றது. அந்தக் குரல் யாருடையது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவசாமி கங்காணி கொடியை ஊன்றியபடி முன்னால் வந்தார்.

"நீ எப்ப வந்த?"

"கோல் விழறதுக்கு முந்தியே வந்துட்டேன் மாமா. ஒங்க பக்கத்துலதான் நின்னேன். தோளப் புடிச்சிக் குலுக்குனீங்க."

கூட்டத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள், பீலியடியில் பேசியவளேதான். பிறகு எல்லாரும். சிவசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எட்டு வருசமா எதனால தோத்தோம்?"

"இங்க ஆடுன வருசமெல்லாம் சங்குனால மாமா. நாலரைக்கு ஊதுனதும் நம்ம ஆளுங்க நின்னுருவாங்க, அவங்க போட்டுருவாங்க. இவருகிட்ட ரெண்டு தடவ சொன்னேன், சிரிச்சாரு. அந்தச் சங்கும் 53லதான் வந்துச்சி, எனக்கு ஒரு மாசம் முந்தி. அத யாரும் வூட்டுல இருக்கச் சொல்லல."

"வெள்ளிமலைல ஆடுன வருசம்? அங்க சங்கு இல்லியே."

"அங்க தோத்தது ஒங்க ஆட்டத்துக்கு."

இந்தத் தடவை சிவசாமியும் சிரித்துவிட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒன்னய வரவேணாம்னு சொன்னது தப்பு தாயி. வயசாயிருச்சே தவிர புத்தி வரல."

பொன்னையா சேறும் ரத்தமுமான முழங்கையோடு வந்தான். எல்லாரும் பார்க்க அவளுக்குப் பக்கத்தில் கானோரத்தில் உட்கார்ந்தான். "ஒரு தடவைதானேன்னு சொன்னேன் புள்ள. சொல்லியிருக்கக் கூடாது" என்றான். அவள் முந்தானையைக் கிழித்து அவன் முழங்கையைக் கட்டினாள். 

சின்னத்தம்பி கப்பைக் கொண்டுவந்து சிவசாமியின் கையில் கொடுத்தான். வாங்கியதும் அவர் முழித்தார். கப்பை எப்படித் தோட்டத்துக்குள் எடுத்துப் போவது? தோளிலா, தலையிலா? முதலில் கோயிலுக்கா, லயத்துக்கா? ஆலாத்தி யார் எடுப்பது? ஒன்பது வருடத்தில் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் சிவசாமி நாகலெட்சுமியிடம் திரும்பினார்.

"ஏந் தாயி, ஒங்க தோட்டத்துல எப்புடிச் செய்வாங்க?"

"எங்க தோட்டம் இதுதான் மாமா" என்றாள் நாகலெட்சுமி. கத்தியதில் குரல் கட்டிப்போய்க் காற்றாகத்தான் வந்தது. "வெள்ளிமலைல எப்புடிச் செய்வாங்கன்னா சொல்றேன். கோல் காக்குறவரு தலையில வைக்கணும். மொதல்ல கோயிலு. அப்புறம் ஒவ்வொரு லயத்துலயும் நிக்கணும், ஒன்னு விடக் கூடாது."

அவள் கிசுகிசுத்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் வாங்கி அடுத்தவர்களுக்குக் கத்தினார்கள், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. மிஸ்டுக்குள் கடைசி ஆள் வரை செய்தி போய்ச் சேர்ந்ததும், ஊர்வலம் கோயிலைப் பார்த்து ஏறத் தொடங்கியது.