போரானுக்குப் போட்ட ஆக்சிஜன் படம்

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். யாரை? இதே கல்லூரியில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தும் என்னை! எரிச்சலை விழுங்கிக்கொண்டு சாக்பீஸை எடுத்தேன். கடைசி பெஞ்சில் முதல்வரும், வெளியிலிருந்து வந்த பேராசிரியரும். முதல் பெஞ்சில் என் மகள். வகுப்புக்குள் அவளுக்கு நான் சார், வெளியே வந்தால் அப்பா. அது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு.

“ரெண்டு அணு சேர்ந்தா, எலக்ட்ரான் இவனுக்கு அவனுக்குன்னு கிடையாது. மொத்த மூலக்கூறுக்கும் பொதுவா, எலக்ட்ரான் தங்குற புது ஆர்பிட்டல் உருவாகும். கீழயிருந்து நிரப்பிட்டே வரணும்,” என்று ஏணிப்படி போலக் கோடுகள் போட்டேன். ஆக்சிஜன் அமர்க்களமாக வந்தது. உச்சியில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் தனித்தனியே நின்றன. அதனால்தான் ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கிறது என்றேன். பேராசிரியர் தலையசைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் போரான். கடைசி இரண்டு எலக்ட்ரான்களையும் சிக்மா என்ற ஆர்பிட்டலில் ஜோடியாக உட்காரவைத்து, “இதைக் காந்தம் இழுக்காது,” என்றேன்.

மகள் எழுந்தாள். “சார், போரான்ல பை ஆர்பிட்டல்தானே கீழ வரும்? சிக்மா அதுக்கு மேலதானே?”

“அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம உட்காரு! ஒழுங்கா படிச்சுட்டு வந்து பேசு.”

வகுப்பே சிரித்தது. காது சிவக்க உட்கார்ந்தாள்.

“அந்தப் பொண்ணு சொல்றது சரியாச்சே,” என்றார் பேராசிரியர்.

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அடப்பாவி! ஆக்சிஜனின் வரிசையை அப்படியே போரானுக்கும் போட்டிருந்தேன். சரியான வரிசையில் அந்தக் கடைசி எலக்ட்ரான்கள் இரண்டு பை ஆர்பிட்டல்களில் ஆளுக்கொன்றாகப் பிரிந்து நிற்கும். போரானையும் காந்தம் இழுக்கும். இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்! வேலை போச்சு.

மகள் மறுபடி எழுந்தாள். “சாருக்கு இது தெரியும். நேத்து வீட்ல அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தார். நாங்க கவனிக்கிறோமான்னு பார்க்க வேணும்னே மாத்திப் போட்டிருக்கார்.”

நேற்று அவள் புத்தகத்தோடு வந்து நின்றபோது, “உயிரை வாங்காதே, போ,” என்று விரட்டியிருந்தேன்.

“அப்படியா? பலே!” என்றார் பேராசிரியர்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை ஆமாம் என்று ஆடிவிட்டது. சீ, நானெல்லாம் ஒரு அப்பன்! படத்தை அழிக்கும்போது மகள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

மணி அடித்தது. வேலை எனக்குத்தான் என்று முதல்வர் கைகுலுக்கிவிட்டுப் போனார். படிக்கட்டுக்குக் கீழே ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

“பாப்பா... அப்பா மேல கோவமா?”

புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல சார்,” என்றாள்.