ரத்னாபாய் வீட்டு இரட்டைக்குழல்

பாறசாலைப் பக்கம் காட்டுப்பன்னிக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் தங்கையன்தான் மூத்த கை. ஆனாலும் அவரிடம் இருந்தது ஒரு சாதா ஒற்றைக்குழல். போன மாசம்தான் லைசென்ஸ் கிடைத்த சித்தப்பா மகன் ஜினுவோ, ரத்னாபாயின் கணவர் விட்டுப்போன பழைய இரட்டைக்குழலை வாங்கப் போகிறான். பார்த்துச் சொல்ல அவரையே ரத்னாபாய் வீட்டுக்கு அழைத்தும் வந்துவிட்டான்.

"அண்ணன் சரின்னா எடுத்துக்கலாம், இல்லியா?"

தங்கையன் குழல்களுக்குப் பின்னால் சுத்தியல்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குதிரைகளையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார். கச்சிதமாக நின்றன. குழல்களைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. நேற்று முளைத்த பயலுக்கு இப்படியொரு துப்பாக்கியா? அவருக்கு வயிறு எரிந்தது.

"கடைசியா தட்டிப் பாக்கணும். ரெண்டு குழலயும் சேத்த பத்தவைப்பு கெட்டியா இருந்தா மணி மாதிரி கேக்கும்" என்றவர், குழல்களை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுண்டினார். 'டொக்' என்றது.

"கேட்டியாடே? பத்தவைப்பு விட்டுப்போச்சு. சுட்டா மொகம் போயிரும்."

ஜினுவின் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் தங்கையனின் வயிறு குளிர்ந்தது.

"அப்ப நான் உள்ள வச்சிருதேன்" என்ற ரத்னாபாய், குழல்களின் அடிக்கொக்கியில் ஒற்றை விரலை மாட்டித் தூக்கினார். மறுகை வளையல் அதில் இடித்தது.

மணி அடித்ததுபோல் அறை முழுக்க ரீங்கரித்தது.

ஜினு குழல்களைப் பார்க்கவில்லை. தங்கையனின் கையைப் பார்த்தான்.