சவுரி முடி

சனா அல்வாப் பெட்டியை நீட்டியபோது சின்னத்தாயின் கையெல்லாம் பசை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பட்டாசுக் கம்பெனிக்குக் காகித வெடிக்குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கியிருக்கலாம். அவள் துடைக்கவில்லை. நீட்டிய பெட்டியை எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பது என்று சனா அதைத் தரையில், குழாய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பட்டம் வாங்கிட்டேன் அக்கா. உங்க தெரு இல்லன்னா என் ஆராய்ச்சியே இல்ல. அதான் முதல்ல இங்க வந்தேன்."

விருதுநகர் எண்ணெய்க் கடை யாகூப்பின் மகள் சனா. டாக்டருக்குப் படித்து முடித்து, மேற்படிப்புக்காக, பட்டாசு மருந்து வேலைக்காரர்களின் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று ஆராய வந்தவள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பங்குனியில் இதே அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னத்தாய் வைத்த கருவாட்டுக் குழம்பை விரலைச் சூப்பிச் சாப்பிட்டவள். அன்றைக்குச் சின்னத்தாய்க்கு அவளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்திருந்தது. இன்றைக்கு "வாங்க" என்று ஒரு வார்த்தை எழும்பவில்லை.

அன்றைக்கு அவளை அப்படித் தாங்கியதெல்லாம் தங்கச்சி முருகம்மாளுக்காகத்தான். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பவுடர் சலிக்கிற வேலை அவளுக்கு. வேனில் ஏறும்போது கறுப்பாகப் போவாள், இறங்கும்போது வெள்ளி பூசிய பொம்மை மாதிரி வருவாள். இரண்டு வருஷமாக இருமல். லேபிள் ஒட்டுகிற ஷெட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சாத நாள் கிடையாது. போர்மேன் அய்யாதுரை கடைசியில் ஒரு வழி சொன்னார். ஆராய்ச்சிக்கு ஆள் வருகிறார்கள், பவுடர் உடம்பில் ஏறியிருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் மறுநாளே மாற்றிவிடுகிறேன் என்றார். அன்றிலிருந்து சின்னத்தாய் அந்த ஆராய்ச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முடியும் நகமும் வேண்டும், உடம்பில் ஏறியது அதில் தங்கியிருக்கும் என்றாள் சனா. கேட்டதும் தெரு கதவைச் சாத்திக்கொண்டது. பின்னே? ரத்தம் என்று கேட்டிருந்தால்கூடக் கையை நீட்டியிருப்பார்கள். முடியும் நகமும் கேட்கிறவர்கள் எதற்குக் கேட்பார்கள் என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செய்வினை. சின்னத்தாய் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "நம்ம முடிய வச்சு என்னத்த எழுதி வாங்கப் போறாக? நம்மகிட்ட இருக்கதே இருமல்தான்" என்று சிரிக்க வைத்தாள். சிரிக்காதவர்களை ஏசினாள். நானாச்சு என்று வாக்குக் கொடுத்தாள்.

முகாம் அன்று ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள். பின்னிப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்தார்கள். நகத்தைத்தான் ஒட்ட வெட்டி, வெட்டியதை அடுப்பில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். "பரவாயில்லை, முடி போதும்" என்றாள் சனா. சனாவோடு வந்தவன் அவசர அவசரமாகச் சடை நுனியில் கத்தரித்து, ஆளுக்கொரு கவரில் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டான்.

அன்று பொழுது சாயும்போது முருகம்மாள் சடையைப் பிரித்தாள். பாதிச் சடை கையோடு வந்தது. சவுரி. "என் முடி ஒண்ணுகூடப் போகல அக்கா. நாங்க எல்லாருமே பேசி வச்சுத்தான் சவுரி வச்சோம்" என்று சிரித்தாள். திருத்தங்கல் சந்தையில் வாங்கியது. யார் தலையில் வளர்ந்ததோ. சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் விருதுநகர் போய் சனாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "தப்பு எங்க மேலதான் தாயி. இன்னொருக்கா வாங்க. ஒவ்வொருத்தியா நானே புடிச்சு உக்கார வைக்கேன்" என்றாள். சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒரு வருஷம் ஓடியது.

போன வாரம் குழாய் எடுக்க வந்த அய்யாதுரை பல்லெல்லாம் தெரியச் சொன்னார். "ஆராய்ச்சியே எழுதிட்டாக. பவுடர் அறைக்காரிக முடியில ஒண்ணுமே இல்லயாம். உன் தங்கச்சிக்கு வெறும் சளிதான். இனி லேபிள் ஷெட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது." தங்கச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சின்னத்தாய் இன்றுவரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து சொன்னேன்ல தாயி" என்றாள் இப்போது.

எதை என்று சனா கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறந்துவிட்டாள் என்றாவது சின்னத்தாய் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

"சொன்னீங்க அக்கா." சனா துப்பட்டா நுனியை முறுக்கினாள். "அதுக்குள்ள எல்லாம் லேபுக்குப் போயிருச்சு. சவுரின்னு எழுதினா மொத்தத்தையும் தள்ளிருவாங்க. மறுபடி ஒரு வருஷம். வீட்டுல நிக்காஹ் தேதி வேற வச்சுட்டாங்க. படிப்புக்கு எழுதினதுதானே, லைப்ரரில சும்மா கிடக்கும்னு நெனச்சேன். கம்பெனிக்காரங்க வாங்கிப் படிப்பாங்கன்னு தெரியாது."

தெருக்காரிகள் செய்தது திருட்டுத்தனம்தான், இல்லையென்று சின்னத்தாய் சொல்லவில்லை. பயம், என்னவென்று தெரியாத பயம். இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறாள். செய்வினை என்று அலறிய தெருவிடம் இவளுக்காகத்தானே அவள் மல்லுக்கு நின்றாள்.

"என் தங்கச்சிக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டீக" என்றாள். "அவ ராவெல்லாம் இருமுதா. அத எங்கன கொண்டுபோய்ச் சொல்ல?"

சனா வாய் திறக்குமுன் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. சீசன் நேரம், கைகால் கழுவக்கூட நேரம் விடாமல் ஏற்றிவிடுகிறார்கள். முழங்கை வரை வெள்ளியாக முருகம்மாள் உள்ளே வந்தாள். சனாவைக் கண்டதும் முகம் பூத்துவிட்டது.

"டாக்டரம்மா, வந்துட்டீகளா. ரிசல்ட்டு எப்ப வரும்னு அக்காவ நச்சரிச்சிக்கிட்டே இருக்கேன்." இருமல் வந்து பேச்சை அறுத்தது. நெஞ்சைப் பிடித்தபடி சனாவின் முன்னால் உட்கார்ந்தாள். "சவுரி வச்சு ஏமாத்திப்புட்டேன்னு அக்கா அன்னைக்கு ஏசுன ஏச்சு இருக்கே. மனசுல வச்சுக்கிடாதீக. புத்தியில்லாம பண்ணிட்டோம்."

சனா சின்னத்தாயைப் பார்த்தாள். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற பார்வை.

"அதனாலதான ரிசல்ட்டு வரல? இப்ப எடுத்துக்கிடுங்க. இது என் சொந்த முடி." முருகம்மாள் கொண்டையை அவிழ்த்தாள். சுண்டுவிரல் கனம் இருந்தால் அதிகம். அதை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, பிடரி தெரியக் குனிந்தாள். முடிக்காலிலெல்லாம் வெள்ளித் தூள் அப்பியிருந்தது.

சின்னத்தாய் காகிதம் வெட்டுகிற கத்தரியைத் தேடி எடுத்தாள். ஒட்டியிருந்த பசையைச் சேலையில் துடைத்து, பிடியை சனா பக்கம் திருப்பி நீட்டினாள்.

முருகம்மாள் குனிந்தபடியே காத்திருந்தாள்.