வசவுக்கு ஏங்கிய ஃபோர்மேன்

அழகுமலையை யாரும் திட்டாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. சிரிக்காதீர்கள். மனுஷன் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான்.

துபாய் ஜெபல் அலியில் குடோன் கட்டுகிற கம்பெனி ஒன்றில் அவன் கம்பி கட்டும் கேங்குக்கு ஃபோர்மேன். ஊர் சிவகங்கைப் பக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்து இறங்கியபோது கேம்ப் பாஸ் அவனை எட்டுப் பேர் ரூம் ஒன்றில் தள்ளிவிட்டுப் போனார். மற்ற ஏழு பேரும் பீகாரில் நவாதா ஜில்லாக்காரர்கள். அழகுமலைக்கு அப்போது ‘பானி’ என்ற ஒரே வார்த்தைதான் தெரியும். அவனைப் பெற்ற தகப்பன் அறுபத்தைந்தில் ஸ்டேஷன் போர்டில் இருந்த ஹிந்தி எழுத்தின் மேல் தார் பூசப் போய், பாதியை வேட்டியிலேயே பூசிக்கொண்டு வந்தவர். ஹிந்தி படித்தால் வீட்டில் சோறு கிடையாது என்றவர், மகன் சோற்றுக்காகவே ஹிந்தி பேசப் போவதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரூமில் மூத்தவன் ராம்பிரவேஷ். முதல் வாரமே அழகுமலையை எதிரே உட்கார வைத்து, அம்மா பெயர் என்ன, அக்கா பெயர் என்ன, அக்காவை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று கையையும் காலையும் ஆட்டிச் சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டான். எவ்வளவு பாசமான மனுஷன் என்று அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. வசவுக்குச் சரக்குப் பிடிக்கத்தான் அத்தனை விசாரணையும் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

அவர்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும், பெண் வீட்டுப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லி அசிங்க அசிங்கமாகப் பாடுவார்கள். மாப்பிள்ளையின் அப்பன், அப்பனுடைய தங்கை, சித்தி, அத்தை என்று ஒருத்தரையும் விட மாட்டார்கள். திட்டு வாங்கியவர்கள் கைதட்டிச் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு கேட்பார்கள். பாட்டில் பெயர் விட்டுப்போன சித்தப்பாதான் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். நம் பக்கத்திலும் சம்பந்தி ஏசல் என்று ஒன்று இருந்ததுதான். ஆனால் இது அதற்குப் பெரியப்பா. வேண்டியவனுக்குத் திட்டு, வேண்டாதவனுக்கு மரியாதை. அவ்வளவுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை அந்த ஏழு பேரும் விசா அடித்துக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். காலையில் கண் விழித்தால் “கா ஹால் ஹௌ ரே” என்று நலம் விசாரித்து, அதே மூச்சில் அவன் அக்கா பானுமதியை எவனோடோ பஸ் ஏற்றி விடுவார்கள். முதல் மாசம் அழகுமலை கை ஓங்கினான். ஆறாம் மாசம் பதில் சொன்னான். இரண்டாம் வருஷம் அவன் வாயைத் திறந்தால் நவாதாக்காரனே காதைப் பொத்திக்கொள்வான். பாட்டாகவே திட்டுவான். ஒன்றுதான் அவனுக்குப் புரியவில்லை. லாரி ஓட்டும் பட்டான்களும் ஸ்டோரில் இருக்கும் லக்னோக்காரரும் பேசும் ஹிந்தி அவனுக்குப் பாதிக்குப் பாதி விளங்காது. பாவம், அவர்களுக்கு ஹிந்தி சரியாக வராது போல என்று முடிவு கட்டியிருந்தான். தனக்குத் தெரியாதது இருக்கும் என்று நினைக்கிற வம்சமா அது?

இன்ஜினியர் சேதுராமன்தான் ஒன்றரை மாசம் முன்னால் அவனை ஃபோர்மேன் ஆக்கினார். பசங்களோடு என்ன சரளமாக ஹிந்தி பேசுகிறான் பாருங்கள் என்று தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்ன சிபாரிசு அது. பக்கத்தில் வந்து கேட்டிருந்தால் கதையே வேறு.

ஃபோர்மேன் ஆனதும் ஹெல்மெட் கலர் மாறியது. கலர் மாறினால் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். கேங்கில் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்குத்தான் லீவு, அந்த லிஸ்ட்டை எழுதுவது ஃபோர்மேன். வைகாசியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அவன் பெண்டாட்டி வடிவு நாள் குறித்திருந்ததால், முதல் வேலையாகத் தன் பெயரை எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் ராம்பிரவேஷ் வந்து நின்றான். மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, அதே வாரம், ஒரே பெண். அழகுமலை லிஸ்ட்டைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். ஒன்பது வருஷம் வாங்கிய திட்டில் ‘ரூல்’ என்பதற்கு அவர்கள் பாஷையில் ஒரு சொல் இல்லை. அதனால் இங்கிலீஷிலேயே ரூல் என்று சொன்னான்.

ராம்பிரவேஷ் திட்டுவான் என்று காத்திருந்தான். அவன் திட்டவில்லை. “ஜீ, சாஹப்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலத்தில் இருந்து ஏழு பேரும் அவனிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். ஆப் என்றார்கள், ஜீ என்றார்கள், அவன் உள்ளே நுழைந்தால் கட்டிலில் இருந்து எழுந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. பத்து நாள் மென்று முழுங்கிவிட்டு, சேதுராமனின் போர்ட்டா கேபினுக்குப் போனான்.

“சார், பசங்க என்னமோ புது ஹிந்தி பேசுறாய்ங்க. ஒண்ணும் வெளங்கல.”

சேதுராமன் சின்ன வயசில் பிரசார சபாவில் பரீட்சை பரீட்சையாக எழுதித் தேறியவர். எங்கே, நீங்கள் ஏதாவது பேசுங்கள் பார்ப்போம் என்றார். அழகுமலை கூச்சப்பட்டுக்கொண்டே, ராம்பிரவேஷ் தினமும் காலையில் தனக்குச் சொல்லும் வாசகத்தை முழுசாகச் சொன்னான். சேதுராமனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பைல் எடுக்க வந்திருந்த லக்னோக்காரருக்குப் பாதி புரிந்தது. அவர் முகம் சிவந்துபோய் பைலை எடுக்காமலே வெளியேறினார். போகிற போக்கில் ‘மகஹி’ என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

சேதுராமன் போனில் தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “அழகுமலை, நீங்க இத்தனை வருஷமா ஹிந்தியே பேசலை. இது வேற பாஷை.”

மகத நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அந்த மண்ணின் பாஷை என்று விளக்கினார். கயா, நாலந்தா, நவாதா பக்கமெல்லாம் இதுதான் வீட்டுப் பேச்சாம். ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசுகிறார்களாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி, கோர்ட் கச்சேரியில் ஹிந்தி என்பதால், என்ன பாஷை என்று எவன் கேட்டாலும் ஹிந்தி என்றே எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். பழைய மாகதியில் இருந்து வந்ததாம். புத்தர் அந்த மாகதியில்தான் உபதேசம் செய்தார் என்று சொல்கிறார்களாம்.

“புத்தரு இதுலயா சார் பேசுனாரு?”

“இதோட முப்பாட்டன் பாஷையில.”

அழகுமலைக்குப் புத்தர் மேல் புது மரியாதை வந்தது. அவனுக்குத் தெரிந்த மகஹியில் ஆசையை ஒழி என்று சொல்ல ஆரம்பித்தாலே நடுவில் யாருடைய அக்காவாவது வந்துவிடுவாள். அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் உலகத்தையே திருத்தியிருக்கிறார். அதோடு, அப்பாவின் கொள்கைக்கும் பங்கம் வரவில்லை. மகன் ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை ஹிந்தி பேசவில்லை.

இந்தச் சந்தோஷம் கேபின் படி இறங்கும் வரைக்கும்தான். கீழே வந்ததும் அவனுக்கு உறைத்தது. ஹிந்தி அவர்கள் போலீசிடமும் பேங்கிலும் ஏர்போர்ட் கவுண்டரிலும் பேசுவது. மகஹி வீட்டுக்குள் பேசுவது. ஏழு பேரும் சேர்ந்து அவனை வீட்டைவிட்டு வெளியே நிறுத்தி ஏர்போர்ட் கவுண்டர் ஆக்கிவிட்டார்கள். நாற்பது வயசு ஆம்பளை, நட்ட நடு வெயிலில், கம்பிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதான்.

அன்றைக்கே ராம்பிரவேஷிடம் போய், தன்னை நாலு வார்த்தை திட்டும்படி மகஹியிலேயே கேட்டான். நீங்கள் எங்கள் அதிகாரி, உங்கள் மேல் என்ன தப்பு இருக்க முடியும் என்று அவன் சுத்தமான ஹிந்தியில் பதில் சொன்னான். இந்த ஒரு வாக்கியம் மட்டும் அழகுமலைக்கு நன்றாகப் புரிந்தது. நேராகப் போய் லிஸ்ட்டில் தன் பெயரை அடித்து, ராம்பிரவேஷ் பெயரை எழுதி, சேதுராமனிடம் கையெழுத்து வாங்கினான்.

பால் காய்ச்சுவதை ஆவணிக்குத் தள்ளி வைக்கலாம் என்று வடிவிடம் போனில் சொன்னான். காரணத்தையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். “அப்ப அந்தாளு கூடவே குடும்பம் நடத்துங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

ராம்பிரவேஷ் ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு கையையும் கூப்பினான். “ஆப்கா பஹுத் ஆபார், சாஹப்” என்று நன்றி சொன்னான். அப்போதும் ஹிந்தி. மிச்சம் இருந்த ஆறு பேரும் அப்படியே ஆப், ஜீ என்று நடந்துகொண்டார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். வீட்டிலும் பேச்சில்லை, ரூமிலும் வசவில்லை.

அந்த ஞாயிறு மதியம் கேம்ப் மெஸ்ஸில் ஆறு பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நவாதாவில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் பந்தி. ராம்பிரவேஷ் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தான். அழகுமலையை யாரும் கூப்பிடவில்லை. அவன் தண்ணி பிடிக்கிற சாக்கில் கூலருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பாட்டில் நிரம்பி வழிந்து பாதம் நனைந்ததுகூடத் தெரியவில்லை.

பாட்டு தொடங்கியது. மாப்பிள்ளையின் அப்பன் மீசையைப் பூனை நக்கிவிட்டுப் போனது. அவன் தங்கை பால்காரனோடு போய்ப் பாத்திரத்தை மட்டும் திருப்பி அனுப்பினாள். சித்தப்பனுக்கு ஒன்று, மாமனுக்கு இரண்டு. ஆறு பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அழகுமலைக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிந்ததே பெரிய கொடுமையாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு திரும்பினான்.

அப்போது ஒரு கிழட்டுக் குரல் தனியாக எடுத்துக் கொடுத்தது. பின்னாலேயே நாற்பது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். துபாயில் ஒரு அலகூமல் இருக்கிறானாம். வண்டிக் கரி முகத்துக்காரனாம். பெண்ணின் அப்பனைப் பூட்டி வைக்கப் பார்த்தானாம். அதற்குள் அவன் அக்கா பானுமதி எங்கள் ஊருக்கு ஓடி வந்துவிட்டாளாம். டிராக்டரில் ஏறினாளாம், டிரைவர் மடியில் உட்கார்ந்தாளாம், இன்னும் இறங்கவே இல்லையாம்.

அழகுமலை அப்படியே நின்றான். மெஸ்ஸில் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து வந்து அவன் பிடரியில் ஒன்று போட்டு, அடே நாயே, அங்கே என்ன புடுங்குகிறாய், இங்கே வந்து உட்காரு என்று மகஹியில் சொன்னான். இழுத்துக்கொண்டு போய்ப் போனுக்கு நேராக உட்கார வைத்தார்கள். திரையில் ராம்பிரவேஷின் முகம் வந்தது. தலைப்பாகையும் மஞ்சளுமாக, வெற்றிலை வாயோடு இருந்தான்.

பதில் பாட்டுப் பாட வேண்டியது அழகுமலையின் முறை. வாயைத் திறந்தான். கண்ணில் இருந்து கொட்டியது.

ராம்பிரவேஷ் அவனை உற்றுப் பார்த்துவிட்டு மகஹியில் சொன்னான். “அழுவுறியாடா? இதுக்கே அழுதா எப்புடி. இன்னும் ஒங்கம்மா பாக்கி இருக்கா, போனை வச்சிராத.”

அழகுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்காகக் காத்திருந்தான்.